எண்ணெய்க்கு முன்னால் வெந்நீர்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையிலிருந்த லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் கட்டையில், தோளில் பதியும் அடிப்பக்கம், சின்னதாக ஒரு பித்தளைக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி எண்ணெய்க் குப்பியும், முனையில் பித்தளைக் குண்டு கோத்த ஒரு கயிறும் கிடைக்கும். குண்டைக் குழலின் பின்வாயில் போட்டால் முன்வாயில் வந்து விழும். கயிற்றின் மறுமுனையில் உள்ள கண்ணியில் துணித்துண்டைச் செருகி இழுத்தால் குழல் துடைபட்டுவிடும். அந்தக் கயிற்றுக்கு 'புல்-த்ரூ' என்று பெயர்.

எண்ணெயும் துணியும் கையில் இருக்கின்றன; வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் சுட்டு முடித்த அன்று, வாய்ப்புக் கிடைத்தால், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். குழலின் பின்வாயில் புனலைப் பொருத்திக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவிய பிறகுதான் எண்ணெய்க் குப்பியைத் திறப்பார்கள். இரும்புக்குத் தண்ணீர் பகை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது விபரீதமாகத் தெரியும். துருவைத் தடுக்க இரும்பின் மேலேயே தண்ணீரை ஊற்றுவதா?

ஊற்றத்தான் வேண்டும். அது ஏன் என்று புரிந்துகொண்டால், துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலானது என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி.

உரமூட்டையில் இருக்கும் பகைவன்

விசையை இழுத்ததும் முதலில் பற்றிக்கொள்வது தோட்டாவின் அடியிலுள்ள சிறு கேப். அந்தக் காலத்துக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. அது தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலின் உள்சுவரெங்கும் படிந்துகொள்ளும். பொட்டாசியம் குளோரைடு நமக்குப் புதிதல்ல. உரக்கடையில் 'பொட்டாஷ்' என்று மூட்டையில் விற்கிறார்களே, அதுதான். வாய் கட்டாமல் விட்ட பொட்டாஷ் மூட்டை ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்று விவசாயியைக் கேட்டால் சொல்வார்: ஈரத்தை இழுத்துக் கசிந்து, பிறகு கட்டிதட்டிப் போகும். குழலுக்குள்ளும் அதே கதைதான். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுக்கிறது. இரும்பு, ஈரம், குளோரைடு மூன்றும் ஓரிடத்தில் கூடினால் துரு தொடங்க ஓர் இரவே அதிகம்.

இதன் மேல் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்? வாணலியில் காயும் எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள். கரையாமல் அடியில் கிடக்கும். குழலிலும் உப்பு அப்படியே இருக்க, எண்ணெய் அதன் மேல் போர்வையாகப் படியும். மேலே பளபளப்பு, அடியில் அரிப்பு. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். கொதிநீர் என்றால் இன்னொரு லாபமும் உண்டு: குழலைச் சூடாக்கிவிடுவதால், துடைத்தது போக மிஞ்சிய ஈரம் தானே ஆவியாகிவிடும்.

அதற்கும் முந்தைய கருமருந்துக் காலத்திலும் தண்ணீர்தான் முதல் மருந்து. கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. அது எரிந்து முழுவதும் வாயுவாகிப் போவதில்லை. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்ஃபேட் போன்ற உப்புகள்தான் அதில் பெரும்பங்கு. நான்கைந்து முறை சுட்டதும் இந்தக் கசடு காய்ந்து இறுகி, அடுத்த குண்டைக் குழலுக்குள் இறக்க விடாது. அதை இளக்கி வைக்க ஒரு கொழுப்பு தேவைப்பட்டது.

ஒரு கிரீஸ் கொளுத்திய நெருப்பு

அந்தக் கொழுப்பின் கதை இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும், கொழுப்பு எதற்கு என்ற பகுதியைத் தவிர. 1853 மாதிரி என்ஃபீல்ட் துப்பாக்கிக்கு முன்வாய் வழியாகத்தான் மருந்தும் குண்டும் போட வேண்டும். இரண்டையும் ஒரு காகிதச் சுருளில் பொதிந்து, குண்டு இருக்கும் முனையில் கொழுப்புத் தடவியிருப்பார்கள். சிப்பாய் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவார். காகிதச் சுற்றோடு சேர்ந்து குண்டு குழலுக்குள் இறுக்கமாக இறங்கியதால், வழுக்கிக்கொண்டு போகவும் பழைய கசடை இளக்கவும் கொழுப்பு அவசியம். தேன்மெழுகும் மிருகக் கொழுப்பும் கலந்த கலவை அது.

எந்த மிருகம்? 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் பசு என்றும் பன்றி என்றும் வதந்தி கிளம்பியது. இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பும் கொதித்தார்கள். நெய்யும் தேன்மெழுகும் கலந்து நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி அரசு பிறகு இறங்கி வந்தது. காலம் கடந்திருந்தது. மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படை வீரர்களுக்கு மே 9 அன்று எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது. அந்த எழுச்சிக்கு நிலம், வரி, சம்பளம், பறிபோன அரசுகள் என்று பல விறகுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கொழுப்பு அதில் தீக்குச்சி.

வேதியியலைக் கேட்டால், நெய்யும் மாட்டுக் கொழுப்பும் ஏறக்குறைய ஒரே குடும்பம். கசடை இளக்கும் வேலையை இரண்டுமே செய்யும். கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று குழல் கேட்காது. அதை வாயில் வைத்துக் கடிக்க வேண்டியவன் கேட்பான்.

வாழைப்பழ வாசமும் நீலத் துணியும்

1884-இல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா மருந்தைச் செய்து காட்டினார். 1889-இல் பிரிட்டனில் ஏபலும் டூவரும் கார்டைட்டை உருவாக்கினார்கள். ஊட்டி மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் ஃபாக்டரியின் பெயரில் அந்த மருந்து இன்னும் வாழ்கிறது. உப்புக் கசடு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அழுக்கு ஒழியவில்லை, ஆள் மாறியது. குண்டின் வேகம் கூடியதால் ஈயக் குண்டுக்குச் செம்பு கலந்த உறை போட்டார்கள். அந்த உறை குழலுக்குள் சுருளாக ஓடும் மரைகளில் உரசி உரசிப் பூச்சாக ஒட்டியது. எரிந்தும் எரியாத மருந்தின் கரி இன்னொரு படலம். இந்த இரண்டையும் வெந்நீர் அசைக்காது.

புது அழுக்குக்குப் புது மருந்தோடு இருவர் வந்தார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க் ஹாப் என்பவர் 1903-இல் ஒரு கரைப்பானைக் கலக்கினார். 'ஹாப்பீஸ் நம்பர் 9' என்று அது இன்றும் விற்கிறது. அதன் சேர்மானங்களில் ஒன்று அமைல் அசிட்டேட். வாழைப்பழ எசென்ஸை நினைவூட்டும் அந்த வாசனையை முகர்ந்ததும் தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி ஞாபகம் வருவதாகச் சொல்லும் அமெரிக்கர்கள் ஏராளம். கரியை இளக்குவது கரைப்பானின் வேலை. துருவைத் தடுப்பது அல்ல. அதைப் பூசிவிட்டுத் துடைக்காமல் விட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

ஏறக்குறைய அதே சமயம் ஜெர்மனியின் கொலோன் நகரில் கிளேவர் நிறுவனம் வேறு திசையில் யோசித்தது. இரும்பு, கட்டை, தோல்வார் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் வேண்டும் என்பது ஜெர்மன் ராணுவத்தின் ஆசை. அதற்குக் கிடைத்த பதில் 'பாலிஸ்டால்'. அடிப்படை தூய கனிம எண்ணெய்தான். அதோடு சோப்பைப் போன்ற ஒரு சேர்மம் சேர்ந்திருப்பதால் தண்ணீருடன் கலக்கினால் பால் போல வெளுத்துக் கலந்துவிடும். தண்ணீர் உப்பைக் கரைக்கும். தண்ணீர் ஆவியானதும் எண்ணெய் படலமாக நிற்கும். வெந்நீரும் எண்ணெய்க் குப்பியும் ஒரே பாட்டிலில் குடியேறியது போல.

செம்புக்கு வைத்தியம் அமோனியா. செம்பு உப்புக் கரைசலில் அமோனியாவைச் சொட்டினால் கருநீலமாக மாறுவதை மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்போம். துப்பாக்கிக் குழலிலிருந்து வரும் துணி நீலமாக இருந்தால் அங்கே நடப்பதும் அதுதான்: உள்ளே செம்பு இருக்கிறது, கரைந்து வருகிறது. இதில் ஒரு பொறி உண்டு. தேய்க்கிற பிரஷ்ஷே வெண்கலமாக இருந்தால், குழல் சுத்தமான பிறகும் பிரஷ் கரைந்து துணியை நீலமாக்கிக்கொண்டே இருக்கும். விவரம் தெரியாதவர் நாள் முழுக்கத் தேய்ப்பார்.

அமோனியா செம்பைத் தின்னும் என்பதை இந்தியா விலை கொடுத்துக் கற்றது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் இங்கே மழைக்காலம் வந்ததும் காரணமே இல்லாமல் விரிசல் விட்டன. பருவத்தோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். 1921-இல்தான் விடை துலங்கியது. தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, மழைக்கால ஈரம், உறையை இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மூன்றும் சேர்ந்து அதைப் பிளந்திருந்தன. அமோனியா கலந்த கரைப்பானைக் குறித்த நேரத்துக்கு மேல் குழலில் ஊறவிடாதே, வேலை முடிந்ததும் சுத்தமாகத் துடைத்துவிடு என்ற விதிக்குப் பின்னால் இப்படியும் ஒரு பாடம் இருக்கிறது.

படலம் என்ற மெத்தை

இதுவரை பேசியது கழுவுவது. இனி வழுக்குவது.

பளபளக்கும் உருக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் தெரியும். இரண்டு பரப்புகள் உரசும்போது மேடுகள் மோதித் தேய்கின்றன. நடுவில் போதிய தடிமனில் எண்ணெய் நின்றால் மேடுகள் ஒன்றையொன்று தொடாமல் மிதந்து போகும். வேகமும் எண்ணெயின் பாகுத்தன்மையும் கூடினால் மிதப்பு எளிது, சுமை கூடினால் கடினம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். இடைவிடாமல் சுழலும் மோட்டாரின் தண்டு நிம்மதியாக மிதக்கும். துப்பாக்கியின் போல்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது ஓடுகிறது, நிற்கிறது, திரும்புகிறது. நிற்கும் கணத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும்.

அப்போது காப்பாற்றுவது மூலக்கூறு அளவிலான மெல்லிய பூச்சுதான். கொழுப்பு அமிலம் போன்ற மூலக்கூறுகளுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை உலோகத்தைப் பிடித்துக்கொள்ள, வால்கள் நாற்றங்கால் போல நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். மேடுகள் மோத வந்தால் இந்த நாற்றின் மேல் வழுக்கிப் போகும். நல்ல துப்பாக்கி எண்ணெயில் அடிப்படை எண்ணெயோடு இப்படி ஒட்டும் சேர்மங்களும் துரு தடுப்பிகளும் கலந்திருப்பது இதற்காகவே. கிரீஸ் என்பது சோப்பு வலைக்குள் பிடித்து வைத்த எண்ணெய். பஞ்சைப் பிழிந்தால் நீர் வருவது போல, அழுத்தம் வரும்போது எண்ணெயை விடும். சறுக்கித் தேயும் தண்டவாளங்களுக்கும் கனத்த சுமைக்கும் கிரீஸ் நல்லது. நுணுக்கமான விசைப் பொறிக்குள் மெல்லிய எண்ணெயே நல்லது.

பாகுத்தன்மைக்கு வெப்பநிலை எஜமான். 1941 குளிர்காலத்தில் ரஷ்யாவில் நுழைந்த ஜெர்மன் படையின் இயந்திரத் துப்பாக்கிகள் உறைபனியில் திணறின. எண்ணெய் கூழாக இறுகிப் போல்ட்டை நகரவிடவில்லை. எண்ணெயைத் துடைத்தெறிந்துவிட்டு மண்ணெண்ணெய் கலந்து ஒப்பேற்றினார்கள். பாலைவனத்தில் சிக்கல் தலைகீழ். ஈரமான எண்ணெயில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் ஆகிவிடும். அங்கே எண்ணெய் தடவாத வெளிப்புறமும், உள்ளே மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர்ந்த உயவுப் பொருளும் கைகொடுக்கும். கிராஃபைட்டும் நன்றாக வழுக்கும்தான். ஆனால் அது மின்சாரம் கடத்தும். அலுமினியத்தின் மேல் ஈரத்தோடு கிடந்தால் மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும்.

நம் அடுக்களை எண்ணெய்கள் ஏன் ஆகாது?

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். தாவர எண்ணெய்கள் நன்றாக வழுக்கும். உலோகத்தில் நன்றாக ஒட்டவும் செய்யும். காற்றில் காய்ந்து பிசினாவதுதான் அவற்றின் குணக்கேடு. அவற்றின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று கோத்துவிடும். எவ்வளவு இரட்டைப் பிணைப்பு என்பதை அயோடின் எண்ணால் அளப்பார்கள். தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குள், விளக்கெண்ணெய்க்கு 85 வாக்கில், நல்லெண்ணெய்க்கு 110 வாக்கில், ஆளிவிதை எண்ணெய்க்கு 180 வாக்கில். ஆளிவிதை எண்ணெய் சில நாளில் காய்ந்து கெட்டியான தோலாகிவிடும். அதனாலேயே துப்பாக்கியின் மரக்கட்டைக்கு அது அருமையான பூச்சு. அதே காரணத்தால் விசைப் பொறிக்குள் போனால் விஷம். எண் குறைந்த தேங்காய் எண்ணெய் பிசினாகாது, ஆனால் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குளியலறை பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தையல் மெஷின் எண்ணெய் பல வீடுகளில் துப்பாக்கி எண்ணெயாகவும் நடமாடுவது தற்செயல் அல்ல. அது காய்ந்து பிசினாகாத மெல்லிய கனிம எண்ணெய்.

ஒரு காலத்தில் நுண்பொறிகளின் செல்லப்பிள்ளை ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய். பெயர்தான் எண்ணெய், உண்மையில் அது திரவ மெழுகு. பிசினாகாது, குளிரிலும் இறுகாது. 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்து இறக்குமதியை நிறுத்தியது. அதே வகைத் திரவ மெழுகு ஹொஹோபா என்ற பாலைச்செடியின் விதையில் இருந்தது. மீதி இடத்தைச் செயற்கை எண்ணெய்கள் நிரப்பின.

எல்லாம் ஒரே குப்பியில்?

அழுக்கு மாறியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. எம்16 துப்பாக்கி அங்கே வந்தபோது அதைத் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சு பரவியிருந்தது. பலருக்குத் துப்புரவுக் கருவியும் தரப்படவில்லை. இதற்கிடையில் தோட்டாவின் மருந்து வகை மாற்றப்பட்டது; புது மருந்து வேகமாக இயக்கியது, கூடுதலாகக் கசடும் விட்டது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. ஈரக் காற்றில் அது அரித்துப் புள்ளி விழுந்தது. வெற்று உறை உள்ளேயே சிக்கிக்கொள்ள, கையில் சுடாத துப்பாக்கியோடு வீரர்கள் மாண்டார்கள். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. குரோம் பூச்சு வந்தது, துப்புரவுப் பெட்டி வந்தது, 1968-இல் வில் ஐஸ்னர் வரைந்த படக்கதையாகப் பராமரிப்புக் கையேடும் வந்தது.

பிறகு சிஎல்பி என்ற வகை பரவலாயிற்று: துடைப்பது, வழுக்குவது, காப்பது மூன்றையும் ஒரே திரவம் செய்யும். போர்க்களத்தில் மூன்று பாட்டிலைச் சுமக்க முடியாதவனுக்கு அது வரம். ஆனால் ஒரே ஆள் சமையலும் பரிமாறலும் கணக்கும் பார்ப்பது போலத்தான். கரைப்பதில் தனிக் கரைப்பானையும், தாங்குவதில் தனிக் கிரீஸையும் அது மிஞ்சாது. டபிள்யூடி-40 பற்றியும் ஒரு வார்த்தை. 1953-இல் ஏவுகணையின் தோலிலிருந்து ஈரத்தை விலக்க உருவானது. பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சி. மழையில் நனைந்த துப்பாக்கியின் ஈரத்தை ஓட்ட அது நல்லது. அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்பதால் நீண்டநாள் உயவுக்கு அதை நம்பக் கூடாது.

எண்ணெயே ஆகாத துப்பாக்கியும் உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் ஏந்திய 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது. அழுத்திய காற்றுதான் குண்டைத் தள்ளும். காற்று வேகமாக அழுந்தும்போது சூடேறும். அந்தப் பாதையில் பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் போலப் பற்றிக்கொள்ளும். ஆகவே அங்கே தயாரிப்பாளர் சொன்ன சிலிகான் வகை மட்டுமே.

துணி சொல்லும் சேதி

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். எந்த எண்ணெய் நல்லது என்பதற்கு முன், உள்ளே என்ன அழுக்கு என்று கேட்க வேண்டும். அதற்குக் கருவி ஒரு வெள்ளைத் துணித்துண்டு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டு உட்காருங்கள். துணி கறுப்பாக வந்தால் கரி: கரைப்பான். நீலமோ பச்சையோ என்றால் செம்பு: அமோனியா, கடிகாரத்தைப் பார்த்தபடி. செம்பழுப்பு என்றால் துரு: போன முறை சோம்பியதற்கான பில். பழைய வகைக் கேப் போட்ட தோட்டா சுட்டிருந்தால் துணி எதுவும் சொல்லாது, உப்புக்கு நிறமில்லை. சந்தேகம் இருந்தால் வெந்நீர்.

வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வந்த பிறகு எண்ணெய்க்கு முறை. உரசும் இடத்தில் ஒரு சொட்டு, மற்ற இடத்தில் துடைத்ததும் மிஞ்சும் மினுமினுப்பு. அதிகமானால் தூசியைக் கூப்பிடும். கேப்புக்குள் கசிந்தால் தோட்டாவை ஊமையாக்கும். அடுத்த முறை சுடும் முன் குழலை உலரத் துடைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பதானால் கொஞ்சம் தடித்த காப்புப் படலம் பூசலாம். தோலுறைக்குள் மட்டும் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தை வாங்கி இரும்புக்குக் கொடுக்கும். கசடில் ஈயம் இருக்கும் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொட வேண்டும்.

லீ-என்ஃபீல்டின் பித்தளைக் கதவுக்குப் பின்னால் இருந்த குப்பி கட்டைவிரல் பருமன்தான். கழுவ வேண்டியதைக் கழுவிய பிறகு, அதற்கு மேல் எண்ணெய்க்கு வேலை இருக்கவில்லை.